பழைய சர்வர் வாங்கப் போகிறீர்களா? மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

எங்கள் ஆபீஸில் ஆறு பேர் வீடியோ எடிட் செய்கிறோம். ஃபைல்களை எல்லாம் ஒரே இடத்தில் வைக்க, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய சர்வர் ஒன்றை 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஜியான் இ5-2600 வி4 பிராசஸர் இரண்டு, கூடவே இரண்டு போர்ட் உள்ள 10ஜி (ஒரு போர்ட்டுக்கு நொடிக்கு 10 ஜிகாபிட்) நெட்வொர்க் கார்டு. கடையில் ஓடவிட்டுக் காட்டியபோது திரையில் இரண்டு பிராசஸரும் தெரிந்தன. "பேக் பண்ணி சாயங்காலம் அனுப்பிடுறேன் சார்" என்றார் கடைக்காரர். அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஆபீஸில் சர்வர் பூட் ஆனது. சர்வரோடு வரும் 1ஜி போர்ட்டும் வேலை செய்தது. 10ஜி கார்டில் மட்டும் விளக்கு எரியவில்லை. லினக்ஸில், செருகியிருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையை அடித்தால் பட்டியலில் கார்டே இல்லை. போன் செய்தால், "வண்டியில ஆடினதுல கார்டு போயிருக்கும், வேற ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார். அவரிடமே இன்னொரு கார்டுக்கு 4,500 அழுதேன். அதுவும் அதே கதை.

நாலாம் நாள்தான் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினேன். இரண்டாவது பிராசஸர் உட்காரும் சாக்கெட் காலி! அதன் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் கூட இல்லை.

இந்த வகை சர்வரில் ஒவ்வொரு பிராசஸருக்கும் 40 பிசிஐஇ லேன், அதாவது கார்டுகளோடு தகவல் போய்வரும் பாதைகள். கார்டு செருகும் ஸ்லாட்டுகளில் சில முதல் பிராசஸருக்குப் போகும், மற்றவை இரண்டாவதற்கு. இரண்டாவது பிராசஸர் இல்லையென்றால் அதன் ஸ்லாட்டுகள் வெறும் ஓட்டைதான். எந்தக் கார்டைச் செருகினாலும் தெரியாது. ரேம் ஸ்லாட்டிலும் பாதி போச்சு. என் 1ஜி போர்ட் முதல் பிராசஸர் பக்கம் இருந்ததால் பிழைத்தது.

பழைய கார்டையே முதல் பிராசஸரின் ஸ்லாட்டுக்கு மாற்றினேன். உடனே பச்சை விளக்கு. ஆனால் அந்த ஸ்லாட்டில் நாலு லேன்தான் ஓடுகிறது. என்னுடையது மாதிரி பிசிஐஇ 2.0 கார்டுக்கு நாலு லேன் என்றால் நொடிக்கு 16 ஜிகாபிட்; இரண்டு போர்ட்டும் முழு வேகத்தில் ஓட எட்டு லேன் வேண்டும்.

கடையில் கேட்டால், "பில்லுல சர்வர் ஒண்ணுன்னுதானே போட்டிருக்கு?" என்கிறார். உண்மைதான், பிராசஸர் எண்ணிக்கையை நான் எழுதி வாங்கவில்லை. நீங்கள் பில்லில் மாடல், எண்ணிக்கை இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். டெலிவரி ஆள் நிற்கும்போதே, பிராசஸர் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு (lscpu) கட்டளையை அடித்து, சாக்கெட் 2 என்று வருகிறதா பாருங்கள். எந்த ஸ்லாட் எந்தப் பிராசஸருக்குப் போகிறது என்பது மேனுவலில் இருக்கும்.

இரண்டாவது கார்டையாவது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சீல் பிரித்த பொருளை எடுக்க மாட்டார்களாம்.