3.5 சிசி நைட்ரோ படகு: மோனோவா, ரிக்கரா?

ரேடியோவில் ஓட்டும் நைட்ரோ (மெத்தனாலில் நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருள்) பந்தயப் படகு ஒன்று கட்டுவது, அதுவும் எடை குறைவாகக் கட்டுவது என்று முடிவு செய்தாயிற்று. எஞ்சின் 3.5 சிசி. அடுத்து வரும் கேள்வி, அடிப்பாகம் வி வடிவத்தில் இருக்கும் மோனோவா, நடு உடலிலிருந்து இரண்டு பக்கமும் குழாய் நீட்டி ஸ்பான்சன் என்ற பக்க மிதவைகளை மாட்டிய அவுட்ரிக்கரா (சுருக்கமாக ரிக்கர்) என்பதுதான். நடுவில் ஸ்போர்ட் ஹைட்ரோ என்றும் ஒன்று உண்டு. முழு அளவுப் பந்தயப் படகின் அச்சாக இருக்கும். அந்த அழகுக்காகவே கட்டுபவர்கள் உண்டு. ஆனால் எடையும் வேகமும்தான் கணக்கு என்றால் போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

என் ஓட்டு ரிக்கருக்கு. ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் ஓட்டப்போகும் தண்ணீர் பெரும்பாலான நேரம் அமைதியாக இருக்க வேண்டும். காற்று அடிக்கும் திறந்த ஏரிதான் கிடைக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம், மோனோ கட்டுங்கள்.

காரணம் இரண்டும் தண்ணீரில் உட்காரும் விதத்தில் இருக்கிறது. மோனோ எவ்வளவு வேகமாகப் போனாலும் அடிப்பாகத்தின் பின்பகுதி தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்த வி வடிவம் அலையை வெட்டி, அடியை வாங்கிக்கொண்டு, படகை மறுபடி உட்கார வைக்கும். ரிக்கர் ஓடும்போது தண்ணீரைத் தொடுவது மூன்றே இடங்கள்: இரண்டு ஸ்பான்சன்களின் பின்விளிம்பு, அப்புறம் பாதி மூழ்கிய ப்ரொப்பல்லர். பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பது ப்ரொப்பல்லரேதான். பெரிய படகுகளில் இந்த முறையின் வலுவை உலகத்துக்குக் காட்டியது ஸ்லோ-மோ-ஷன் 4. 1950 ஜூனில் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் அது மணிக்கு 160 மைலைத் தாண்டி உலக சாதனை படைத்தது. அதே தத்துவம்தான் உங்கள் மேஜையில் இருக்கும் சின்னப் படகிலும் வேலை செய்கிறது.

தண்ணீரைத் தொடும் பரப்பு இவ்வளவு சிறியதாக இருப்பதால் ரிக்கரில் குறைக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் உடனே பலன் தெரியும். வேகம் எடுப்பது மாறும், திருப்பத்திலிருந்து வெளியே வருவது மாறும். மோனோவில் எடையைக் குறைத்தால் வேகம் கூடும்தான், ஆனால் ஒரு எல்லைக்கு மேல் படகு அலைமேல் குதிக்க ஆரம்பிக்கும், வலம் இடமாக ஆடும். அந்த ஆட்டத்தை அடக்கப் பின்சுவரில் இருக்கும் ட்ரிம் டேப் தகட்டை இறக்குவீர்கள், டேப் இழுவையைக் கூட்டும், குறைத்த எடையால் வந்த லாபம் அதிலேயே போய்விடும்.

திருப்பங்களிலும் வித்தியாசம் பெரிது. அமெரிக்காவின் நாம்பா, இம்பா அமைப்புகளின் நீள்வட்டப் பந்தயங்களில் படகுகள் கடிகாரச் சுற்றில் ஓடுகின்றன, அதாவது எல்லாத் திருப்பமும் வலப்பக்கம். அதனால் ரிக்கரின் வலது ஸ்பான்சனில் மட்டும் ஒரு டர்ன் ஃபின், அதாவது தண்ணீருக்குள் நீளும் தகடு, இருக்கும். வலப்பக்கம் திரும்பும்போது அது தண்ணீரைக் கவ்விப் பிடிக்கும். முழு வேகத்திலேயே வளையலாம். இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் த்ராட்டிலைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் படகு வழுக்கிக்கொண்டு போகும் அல்லது உருளும். ஐரோப்பாவில் வேரூன்றிய நாவிகா அமைப்பின் எஃப்எஸ்ஆர்-வி நெடும்பந்தயங்களில் பாதை எம் வடிவம், இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். அங்கே வி அடிப்பாகம் கொண்ட படகுதான் செல்லும்.

எதால் கட்டுவது என்பதற்கு இரண்டு படகுக்கும் ஒரே பதில் இல்லை. ரிக்கரின் நடு உடல் ஒரு நீளமான பெட்டி. தட்டையான பலகைகள் போதும். பிர்ச் ப்ளைவுட் அதற்கு அருமையான பொருள். 0.8 மி.மீ. பிர்ச் ப்ளை ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய அரைக் கிலோ வரும், 1.6 மி.மீ. எடுத்தால் ஒரு கிலோவைத் தாண்டும். மேல்மூடிக்கும் ஸ்பான்சனின் பக்கங்களுக்கும் 0.8 போதும். எஞ்சின் உட்காரும் பக்கப் பலகைக்கு மட்டும் 3 மி.மீ. போடுங்கள், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். மோனோவின் அடிப்பாகம் மூக்குக்கிட்ட வளைந்து முறுக்கிக்கொண்டு போவது. அதை ப்ளையில் வளைத்து ஒட்டலாம், ஆனால் உள்ளே சட்டங்களும் பசையும் சேர்ந்து கனத்துவிடும். மோனோவுக்கு அச்சில் எடுத்த ஃபைபர்கிளாஸ் உடல்தான் சரி.

கார்பன் ஃபைபரில் முழுப் படகையும் வார்ப்பவர்களும் உண்டு. விறைப்பில் அதை அடிக்க முடியாது. ஆனால் கார்பன் ரேடியோ அலையை மறிக்கும், ரிசீவரின் ஆன்டெனா நுனியைக் கண்டிப்பாக உடலுக்கு வெளியே எடுத்துவிட வேண்டும். முட்டி உடைந்தால் ஒட்டுவதும் சிரமம். ஸ்பான்சன்களைத் தாங்கும் குழாய்களுக்கும் ஸ்பான்சனின் அடிப்பரப்புக்கும் மட்டும் கார்பன், மற்றதெல்லாம் ப்ளை என்று கலந்து கட்டுவதுதான் என் சிபாரிசு.

உண்மையில் எடை கூடுவது பொருளால் அல்ல, எப்பாக்ஸியால். துணிமேல் ரெசினைத் தடவியதும் ஒரு பிளாஸ்டிக் அட்டையால் வழித்துப் பாருங்கள். துணியின் நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும், பளபளப்பு நிற்கக் கூடாது. மேலே தேங்கும் ரெசின் பலம் தராது, எடை மட்டுமே தரும். கடைசிப் பூச்சு இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் அல்லது எப்பாக்ஸியாக இருக்கட்டும். சாதாரண பெயின்டை நைட்ரோமீத்தேன் கரைத்துவிடும்.

ஸ்பான்சனின் அடிப்பரப்பு முடிகிற பின்விளிம்பை விரல் நகத்தால் தடவினால் நகத்தைச் சீவ வேண்டும், அந்த அளவு கூர்மை. கொஞ்சம் உருண்டிருந்தாலும் தண்ணீர் அந்த வளைவைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும், ஸ்பான்சனைக் கீழே இழுக்கும். மணல்தாளைக் கையால் பிடித்துத் தேய்த்தால் விளிம்பு உருண்டுதான் போகும். தட்டையான கட்டையில் சுற்றித் தேயுங்கள்.

எடையை எங்கே குறைக்கிறோம் என்பது எவ்வளவு குறைக்கிறோம் என்பதைவிட முக்கியம். மோனோவில் எடை மையம் பின்சுவரிலிருந்து உடல் நீளத்தில் சுமார் 30 சதவீதத்தில் இருந்தால் நல்ல ஆரம்பம். ரிக்கரில் ஸ்பான்சன் பின்விளிம்புக்கும் ப்ரொப்பல்லருக்கும் இடையிலான தூரத்தில், ஸ்பான்சன் பக்கமிருந்து கால் பங்கை ஒட்டி வைத்துத் தொடங்கலாம். மையம் பின்னால் போய்விட்டால் மூக்கு லேசாகி, காற்று அடியில் புகுந்து, படகு பின்பக்கமாகப் புரளும். அதனால் பின்பக்கத்தில் கனமான ரடர் (சுக்கான்) பிராக்கெட்டும், ப்ரொப்பல்லர் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டும் மாட்டிவிட்டு அதை ஈடுகட்ட மூக்கில் ஈயம் வைப்பது இரட்டை நஷ்டம். மோனோவில் இன்னொன்றும் உண்டு. ப்ரொப்பல்லரைப் பின்னாலிருந்து பார்த்தால் அது இடஞ்சுழியாகச் சுற்றும். அந்த முறுக்கின் எதிர்விசை படகின் வலப்பக்கத்தை அழுத்தும். பேட்டரியை இடப்பக்கம் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எஞ்சினிலிருந்து ப்ரொப்பல்லருக்குச் சக்தி போகும் வழி இரண்டு: ஃப்ளெக்ஸ் கேபிள், வயர் டிரைவ். ஃப்ளெக்ஸ் கேபிள் பல அடுக்குக் கம்பி முறுக்கியது, வளைவுகளை அனாயாசமாகத் தாண்டும். சுமை ஏறும்போது முறுக்கு இறுகி அதன் நீளம் குறையும். அதனால் ஸ்ட்ரட்டுக்கும், ப்ரொப்பல்லரைப் பிடித்துச் சுழற்றும் டிரைவ் டாகுக்கும் நடுவில் 3 மி.மீ. இடைவெளி விட்டே மாட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் டாக் ஸ்ட்ரட்டில் உரசிச் சூடேறி, எஞ்சினை மெள்ள மெள்ளத் திணறடிக்கும். நீங்கள் கார்புரேட்டரின் எரிபொருள் ஊசியில் கோளாறு தேடிக்கொண்டிருப்பீர்கள். வயர் டிரைவ் என்பது டெஃப்லான் குழாய்க்குள் சுற்றும் ஒற்றைப் பியானோ கம்பி. லேசானது, உரசல் குறைவு. ஆனால் வளைவு மிக மென்மையாக, கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்க வேண்டும். ரிக்கரில் எஞ்சின் தாழ்வாக உட்காருவதால் அந்த நேர்கோடு கிடைக்கும், வயர் போடுங்கள். மோனோவில் கேபிள்தான். ஒவ்வொரு ஓட்ட நாள் முடிந்ததும் கேபிளை உருவித் துடைத்து கிரீஸ் தடவ மறக்காதீர்கள், உள்ளே தண்ணீர் நின்றால் துரு பிடித்து ஒரு நாள் பாதித் தூரத்தில் அறுந்துவிடும்.

ப்ரொப்பல்லரில் ஆக்டுரா நிறுவனத்தின் எண் முறை பலருக்குப் பழக்கம். எக்ஸ்440 என்றால் விட்டம் 40 மி.மீ., பிட்ச் அதைப்போல 1.4 மடங்கு. எக்ஸ்640 என்றால் அதே விட்டம், 1.6 மடங்கு. முதலாவது ஒரு சுற்றுக்கு 56 மி.மீ. முன்னேறும், இரண்டாவது 64. நிமிடத்துக்கு 25,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், வழுக்கலைக் கழிக்காமல், மணிக்கு 84 கி.மீ., 96 கி.மீ. தாளில் இரண்டாவதுதான் ஜெயிக்கிறது. ஆனால் எஞ்சினால் அந்தச் சுற்றை எட்ட முடிந்தால்தானே? மோனோவின் இழுவையோடு 1.6 பிட்ச்சைச் சுமத்தினால் 3.5 சிசி எஞ்சின் அதன் ட்யூன்டு பைப் (சீர்செய்த புகைக்குழாய்) வேலை செய்யும் சுற்றுக்கே ஏறாமல் முனகிக்கொண்டு போகும். மோனோவுக்கு 1.4. ரிக்கருக்கும் 1.4-இல் ஆரம்பித்து, எஞ்சின் கேட்கிறது என்று தெரிந்த பிறகே 1.6. ஒரு எச்சரிக்கை: இந்த ப்ரொப்பல்லர்களில் பல பெரிலியம் காப்பரில் வார்த்தவை. அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய கேடு. தீட்டும்போது தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், முகமூடி போடுங்கள்.

சரி, எரிபொருள். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜனைச் சுமந்து வருகிறது. மெத்தனால் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 6.5 கிலோ காற்று வேண்டும், நைட்ரோவுக்கு 1.7 கிலோ போதும். அதே காற்றில் அதிக எரிபொருளை எரிக்க முடிவதால்தான் சக்தி கூடுகிறது. நைட்ரோ சதவீதத்தை ஏற்றினால் ஊசியைத் திறக்க வேண்டும், ஹெட்டுக்கு அடியில் ஒரு ஷிம் (மெல்லிய உலோக வளையம்) சேர்த்து அழுத்தத்தையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கலவையைப் பற்றவைக்கும் க்ளோ ப்ளக்கை எஞ்சின் தின்னும், பிஸ்டன் மேல்பரப்பு பொரிந்துவிடும். 50, 60 சதவீதம் ஊற்றி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்; முதல் படகுக்கு அது தேவையே இல்லை. 30 சதவீதத்தில் சரியாகச் சீர்செய்த எஞ்சின், 60 சதவீதத்தில் அரைகுறையாக ஓடும் எஞ்சினை முந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரியிலிருந்து பொதுமக்கள் உரிமம் இல்லாமல் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோ வைத்திருக்கக் கூடாது. அங்கே இருப்பவர்கள் ஷிம்மைக் குறைத்து அழுத்தத்தைச் சற்று ஏற்றிக்கொள்ளலாம்.

ட்யூன்டு பைப்பின் நீளம்தான் இரண்டு படகுகளின் குணத்தையும் தனித்துக் காட்டும் இடம். வெளியேறும் அலை பைப்பின் குறுகும் முனையில் பட்டுத் திரும்பி, தப்பிக்கப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. பைப் குறுகினால் இது அதிகச் சுற்றில் நடக்கும், நீண்டால் குறைந்த சுற்றில். திருப்பத்துக்குப் பிறகு சுமையோடு வேகம் எடுக்கும் மோனோவுக்கு நீளமான பைப் நல்லது. சுற்று அதிகம் விழாமலே வளையும் ரிக்கருக்குக் குட்டையான பைப் ஒத்துவரும். எதிலும் நீளமாக ஆரம்பித்து, ஒரு தடவைக்கு 3 மி.மீ. மட்டும் குறையுங்கள். திருப்பத்திலிருந்து வரும்போது எஞ்சின் தயங்க ஆரம்பித்தால் கடைசியாகக் குறைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஊசியை விடாமல் கவனிக்க வேண்டியது ரிக்கரில். பைப் பிடித்ததும் சுற்று சட்டென்று ஏறி, கலவை லீனாகிவிடும் (எரிபொருள் குறைந்துவிடும்). கரையில் கச்சிதமாகக் கேட்ட ஊசி தண்ணீரில் எஞ்சினைக் கொன்றுவிடும். அதனால் வேண்டுமென்றே ரிச்சாக, அதாவது எரிபொருள் அதிகமாக, அனுப்பி, எட்டில் ஒரு சுற்றாக மூடிக்கொண்டு வாருங்கள். முழு வேக ஓட்டத்துக்குப் பிறகு ப்ளக்கைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். சுருள் ஈரமாகப் பளபளத்தால் இன்னும் ரிச். சாம்பல் பூத்து, சொரசொரப்பாக, சுருள் நெளிந்திருந்தால் லீன், உடனே திறங்கள். உலோகப் பளபளப்பு லேசாக மங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் தலையைச் சுற்றி ஓடும் குளிர்நீரையும் கவனியுங்கள். வெளியேறும் தண்ணீர் சில்லென்று இருந்தால் எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்கிறது, வெளிவாயைச் சிறிதாக்குங்கள்.

கடைசியாக, தண்ணீரில் விடும் விதம். மோனோவை மெதுவாக மிதக்க விட்டு, கையை எடுத்து, த்ராட்டிலைத் திறந்தால் போய்விடும், தனியாகவே சமாளிக்கலாம். ரிக்கர் நின்ற நிலையில் கிடந்தால் ப்ரொப்பல்லர் முழுதும் மூழ்கி எஞ்சின் அடங்கிவிடும். அரை த்ராட்டிலில் பிடித்து, முழங்கால் ஆழத் தண்ணீரிலோ மேடையிலோ நின்று, மூக்கு சற்று உயர்ந்திருக்க முன்னோக்கி வழுக்கி வீச வேண்டும். ட்ரான்ஸ்மிட்டர் ஒருவர் கையில், படகு இன்னொருவர் கையில். வீசுபவரின் விரல்கள் ப்ரொப்பல்லர் வரும் கோட்டுக்குள் எந்த நேரத்திலும் வரக் கூடாது. சிக்னல் அறுந்தால் த்ராட்டில் தானாக மூடும்படி ஃபெயில்-சேஃப் வைத்து, கரையிலேயே ட்ரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்த பிறகே முதல் வீச்சு.