ஆறு வருஷ இன்வெர்ட்டரும் ஒரு பச்சை வயரும்

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்தது 2019 மே மாதம். சைன் வேவ், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒன்று. மெஷின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதோடு சரி. தலைவலி கொடுத்ததெல்லாம் எர்த்துதான்.

மாட்டிய வயர்மேன் ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் கரண்ட் வரும் ஒற்றை பேஸ் வயரை மட்டும் இழுத்துவிட்டு, அது திரும்பிப் போகும் நியூட்ரலை வீட்டுப் பொது நியூட்ரலிலேயே விட்டுவிட்டார். ஒரு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. கம்ப்யூட்டரை அந்த லைனுக்கு மாற்றியதும், வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று இழுத்தது. டெஸ்டர் மங்கலாக எரிந்தது. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை! கம்ப்யூட்டருக்குப் பவர் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் ஃபில்டரிலிருந்து எர்த்துக்குப் போக வேண்டிய சின்னக் கசிவு, போக வழியில்லாமல் தகரப் பெட்டியிலேயே நின்றிருக்கிறது.

"நியூட்ரல்லருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் குடுத்துருவோம் சார்" என்றார் பார்க்க வந்தவர். நல்லவேளை, வேண்டாம் என்றேன். அப்படிச் செய்துவிட்டு நியூட்ரல் எங்காவது அறுந்தால், அங்கே சொருகியிருக்கும் பொருளின் பாடியில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும்.

பச்சை வயர் இழுத்து எர்த் குழியில் சேர்த்தோம். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் பிடித்தார், பளிச்சென்று எரிந்தது. "எர்த் சூப்பர்!" எனக்கு மனசு ஒப்பவில்லை. சித்திரையில் எங்கள் கரிசல் மண் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அவ்வளவு காய்ந்த மண்ணில் எர்த் எப்படிப் பிடிக்கும்? எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் ஒருவரை வரவழைத்து அளந்தால் 38 ஓம். அந்த பல்பின் தடையே 529 ஓம் என்பதால் 38 ஓம் எர்த்திலும் அதற்கு 215 வோல்ட் கிடைக்கும், எரியத்தான் செய்யும். பேஸ் பாடியில் பட்டாலோ ஓடப்போவது 6 ஆம்பியர்தான். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் விழ வேண்டிய 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் அசையாது.

இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்கி, உப்பும் கரியும் போட்டுப் புதுக் குழி எடுத்ததில் 6 ஓமுக்கு வந்தது. அதோடு இன்வெர்ட்டர் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விழுந்துவிடும் சுவிட்ச்) ஒன்றும் மாட்டினோம். ஃபேனைப் போட்ட நொடியே டக்கென்று விழுந்தது. பேஸ் அதன் வழியாகப் போகிறது, திரும்பும் கரண்ட் பொது நியூட்ரலில் போய்விடுகிறது. விழாமல் என்ன செய்யும்? இன்வெர்ட்டர் அவுட்புட்டிலிருந்தே தனி நியூட்ரல் இழுத்த பிறகு அடங்கியது. சுவரை மறுபடி கொத்திய கூலி, பைப் செலவைவிட அதிகம்.

இன்னொன்று. என் மெஷினில் நியூட்ரல் இன்புட்டிலிருந்து அவுட்புட்டுக்கு நேராகப் போகிறது. பிளக்கைப் பிடுங்கி வைத்து மல்டிமீட்டரில் பார்த்துக்கொண்டேன். கரண்ட் இல்லாதபோதும் பிளக் சுவரில் இருந்தால்தான் ஆர்.சி.சி.பி.க்கு வேலை. பிடுங்கினால் நியூட்ரலும் போகும், பெட்டியின் எர்த்தும் போகும்; எர்த்துக்குக் கசியும் கரண்ட் திரும்பி வர வழி இருக்காது, அதற்கும் கசிவு தெரியாது. இடி மின்னல் என்றாலே அம்மா எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். இதற்கு மட்டும் மெயினை இறக்கி, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டுப் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன். குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதும் அம்மாதான்.