கன்னியா, கடற்கரை ஸ்பா, அழகு நிலையம், வீட்டு முழுக்கு: திருகோணமலைத் தோலுக்கு எது உதவும்?

மே முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான், மத்திய மலைகளைக் கடக்கும்போதே ஈரத்தை இழந்துவிடுவதால், திருகோணமலையை வந்தடையும் வேளையில் உதட்டையும் குதிக்காலையும் வெடிக்கச் செய்யும் உலர்காற்றாகிவிடுகிறது. அதற்கு மேல் வெயிலும் கடலுப்பும் சேர்கின்றன. இந்த மாதங்களில் தோலுக்காக எதையாவது செய்ய விரும்புபவர்களுக்கு இங்கே நான்கு வழிகள் உள்ளன. அவை ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதை அறியாமல் பணம் செலவிடுபவர்களைப் பார்த்துப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

நகரிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும், இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியவை என்ற ஐதீகத்தோடு நமக்கு நெருக்கமானவை. எரிமலை இல்லாத இந்நாட்டில், நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிய நீர் அங்குள்ள வெப்பத்தால் சூடேறி மேலே வருகிறது. கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும். வாளியால் அள்ளி ஊற்றும்போது தசையும் மூட்டும் தளர்வது உண்மையான சுகம். ஆனால் தோலின் கணக்கு வேறு. வெந்நீர் தோலின் இயற்கையான எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுவதால், வறண்ட தோலோ கரப்பான் எனும் தோல்நோயோ உள்ளவருக்கு அன்றிரவே அரிப்புக் கூடலாம். அத்தகையவர் சூடு குறைந்த கிணற்றைத் தேர்ந்து, பத்து நிமிடத்தில் முடித்து, உடல் ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. நீரிழிவால் கால் மரத்தவர்கள், சூட்டை உணர முடியாததால், பிறர் கையால் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் ஸ்பாக்களில் ஒரு மணிநேர மசாஜ் இறுகிய தோளைத் தளர்த்தும். அன்றைய தூக்கமும் நன்றாக வரும். அந்த ஓய்வுக்காகப் போவதில் எந்தக் குறையும் இல்லை. தோலுக்கோ, அடுத்த குளிப்புவரை தங்கும் ஓர் எண்ணெய்ப் பூச்சு மட்டுமே கிடைக்கிறது. உடலின் நச்சு வெளியேறும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். அது ஈரலும் சிறுநீரகமும் நாள்தோறும் செய்யும் வேலை. வாசனை எண்ணெய் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், முதல்நாளே முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்ப்பது பாதுகாப்பு. கர்ப்பமா, இரத்த அழுத்தமா என்று கேட்காமலே தொடங்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

அழகு நிலையத்து ஃபேஷியல் முகத்தைச் சுத்தமாக்கி, ஓரிரு நாள் பொலிவு தரும். பிளீச் நிறமாற்றுவது முகத்து மெல்லிய முடியைத்தான். கலியாணத்துக்கு முதல்நாள் இவற்றை முதன்முறையாகச் செய்து சிவந்த முகத்தோடு மணவறையில் அமர்வதைவிட, இரண்டு வாரத்துக்கு முன்பே செய்து பார்ப்பது நல்லது.

என் தெரிவு வீட்டு முழுக்குத்தான். வெள்ளிக்கிழமை காலையில் அம்மா நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தலைமுதல் கால்வரை தேய்த்து, அரப்பும் பயற்றம்மாவும் போட்டு முழுக வார்த்த காலத்தில், எங்கள் கைகால்கள் கச்சானிலும் வெடித்ததில்லை. தேங்காயெண்ணெய்யும் வறட்சிக்கு நல்லது. பருக்கள் வரும் முகத்தில் மட்டும் அது துளைகளை அடைக்கக்கூடும். தேசிக்காயை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதன் சாறும் சூரியக்கதிரும் சேர்ந்து தோலைப் பொசுக்கி, மாதக்கணக்கில் மறையாத கரும்படலத்தை விட்டுச்செல்லும். எண்ணெய் முழுக்கினால் வெயிலைத் தடுக்க முடியாது. அதற்கு எஸ்பிஎஃப் 30 கொண்ட சன்ஸ்கிறீன் தேவை. போதுமான அளவு பூசினால் அது புறஊதா பி கதிர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தை மறிக்கும். கடற்கரையில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

தோலில் நோய் இருப்பின் இந்த நான்கும் போதா. தேமல், படை, ஆறாத அரிப்பு ஆகியவற்றுக்கு வைத்தியரையே நாட வேண்டும். சித்த மருத்துவத்தை நாடுபவர்களும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே அது பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படும்போது, தகுதி பெற்ற வைத்தியரைத் தேடிச் செல்வது கடினமல்ல.

வெள்ளையாக்கும் கிறீம்களை நான் இந்த ஒப்பீட்டில் ஒரு தெரிவாகவே சேர்க்கவில்லை. அவற்றுள் சிலவற்றில் இருக்கும் பாதரசம், நிறமி உருவாவதைத் தடுப்பதோடு நில்லாமல் தோலூடாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். வேறு சிலவற்றில் கலந்திருக்கும் ஸ்டீரொயிட் தோலை மெலியச் செய்யும். என் மருமகள் சேர்மானப் பட்டியல் இல்லாத ஒரு டப்பாவை வாங்கி மூன்று மாதம் பூசினாள். நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது. தோல் வைத்திய நிபுணரின் கண்காணிப்பில் அது ஆறுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. இப்போது அவள் வாங்கும் எந்தப் பொருளிலும் முதலில் சேர்மானங்களைத்தான் வாசிக்கிறாள்.