நமுத்துப் போகாதது எது? எஸ்.சி.டி. உணவுமுறைக்கான மூன்று நொறுக்குத்தீனிகள்

எஸ்.சி.டி. (Specific Carbohydrate Diet), அதாவது குறிப்பிட்ட சில கார்போஹைட்ரேட்டுகளை மட்டும் அனுமதிக்கும் உணவுமுறைக்கு மாறிய கொஞ்ச நாளிலேயே வாய் நமநமக்கத் தொடங்கிவிடும். வேகவைத்த காய், சூப், தயிர், முட்டை என்று எல்லாமே மெத்தென்று இருக்கும். பல்லுக்கு வேலையே இருக்காது. கடித்தால் சத்தம் வரும்படி ஏதாவது கிடைக்காதா என்று மனம் அலையும். பெருங்குடல் அழற்சிக்காக இந்த முறையில் இருக்கும் நான், வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று வகைகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன்: சீஸ் கிரிஸ்ப், காய்-பழ சிப்ஸ், பாதாம் மாவில் செய்யும் மெல்லிய உப்பு பிஸ்கட். கடைசியில் பாதாம் பிஸ்கட்டிலேயே நிலைத்துவிட்டேன். காரணம் ருசி இல்லை. அதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சில வரிகள். நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், 1920-களில் சீலியாக் நோயுள்ள (கோதுமை போன்றவற்றிலுள்ள குளூட்டன் புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) குழந்தைகளுக்கு வகுத்த உணவுத் திட்டத்திலிருந்து வளர்ந்தது இது. தன் மகளின் பெருங்குடல் அழற்சிக்காக அவரை நாடிய எலைன் காட்ஷால், பின்னாளில் இதைப் பரவலாக அறியச் செய்தார். அடிப்படை விதி எளிது: குளுகோஸ், ஃப்ரக்டோஸ் போன்ற ஒற்றைச் சர்க்கரைகளைச் சாப்பிடலாம். சாதாரணச் சர்க்கரை, பாலிலுள்ள லாக்டோஸ், தானியங்கள், கிழங்குகளின் மாவுச்சத்து ஆகாது. இது எல்லாருக்கும் நோயைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். செரிமானப் பாதையில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய் லேசாகவோ மிதமாகவோ உள்ள சுமார் 190 பெரியவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்துக்குப் பிறகு எஸ்.சி.டி. குழுவில் 46.5 சதவீதம் பேருக்கும், மத்தியதரைக் கடல் உணவுக் குழுவில் 43.5 சதவீதம் பேருக்கும் அறிகுறிகள் அடங்கியிருந்தன. பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே, மருத்துவரிடம் பேசி ஏற்கெனவே இதில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எவையெல்லாம் முதலிலேயே அடிபட்டுப் போகின்றன என்பதைச் சட்டென்று சொல்லிவிடலாம். உருளை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி சிப்ஸ், பாப்கார்ன், அரிசி மாவில் செய்த எதுவும், வறுத்த கொண்டைக்கடலை, இவை எல்லாமே விதிக்கு வெளியே. வாழைக்காய் சிப்ஸும் ஆகாது. தோலில் பழுப்புப் புள்ளி விழும் அளவுக்குக் கனிந்த வாழைப்பழம் மட்டுமே ஆகும், அதை மொறுமொறுப்பாக்குவது பெரும்பாடு. முழு பாதாம், வால்நட் போன்ற கொட்டைகளை வறுத்துக் கொறிக்கலாமே என்று தோன்றும். ஆனால் இந்த முறையில் கொட்டை முதலில் மாவாகத்தான் வருகிறது. முழுசாகத் தின்பது வயிறு நன்றாக அடங்கிய பிறகு. குடலில் எங்காவது சுருக்கம் இருப்பவர்கள் முழுக் கொட்டைப் பக்கமே போகக் கூடாது.

சாதாரண நொறுக்குத்தீனிகளில் பெரும்பாலானவற்றின் மொறுமொறுப்பு மாவுச்சத்திலிருந்து வருகிறது. மாவுச்சத்து தண்ணீரில் வெந்து இளகி, பிறகு சூட்டில் ஈரத்தை இழந்து கண்ணாடி போல இறுகிவிடும். அதனால்தான் கடித்ததும் உடைகிறது. மாவுச்சத்தே கூடாது என்றால் அந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். சீஸில் பால் புரதம் செய்கிறது. காய்-பழத்தில் நாரும் இயற்கைச் சர்க்கரையும். பாதாம் பிஸ்கட்டில் பாதாமும் முட்டையும் தரும் புரதம். ஓவனிலிருந்து எடுத்து ஆறவைத்த அரை மணி நேரத்தில் மூன்றும் நன்றாகவே மொறுமொறுக்கும். மறுநாள்தான் பார்க்க வேண்டும்.

சீஸ் கிரிஸ்ப் செய்வதுபோல் சுலபம் வேறு எதுவும் இல்லை. நன்கு முதிர்ந்த செடார் அல்லது பார்மசானைத் துருவி, பட்டர் பேப்பரில் சிறு சிறு குவியலாக வைத்து, 200 டிகிரி செல்சியஸில் ஐந்து முதல் ஏழு நிமிடம் விட்டால் போதும். முதிர்ந்த சீஸில் லாக்டோஸ் நொதித்துக் கிட்டத்தட்ட தீர்ந்துபோயிருக்கும் என்பதால் அது ஆகும். மொசரெல்லா, க்ரீம் சீஸ், பதப்படுத்திய துண்டுகள் ஆகாது. பாக்கெட்டில் துருவி வரும் சீஸை வாங்காதீர்கள்: ஒட்டாமல் இருக்க அதில் உருளைக்கிழங்கு மாவு போன்றவற்றைத் தூவியிருப்பார்கள். கட்டியாக வாங்கி நீங்களே துருவுவதுதான் நல்லது. பார்மசானில் ஈரம் குறைவு, அதனால் செடாரைவிடக் கூடுதலாக மொறுமொறுக்கும்.

ருசியில் இதுதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஈரம் போகப் போக உப்பும் கொழுப்பும் செறிந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு உடலில் நீர் தேங்குவதால் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். அவர்களுக்கு இது கைநிறைய அள்ளித் தின்னும் பொருள் இல்லை. சிறுகுடலின் கடைப்பகுதியை அறுவை சிகிச்சையில் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு அதிகமானால் வயிற்றுப்போக்கு வரலாம். அப்புறம், டப்பாவில் போட்டு வைத்தால் மறுநாள் எண்ணெய் கசிந்து தோல் மாதிரி இழுபடும். திரும்பச் சூடாக்கினால் கொஞ்சம் தேறும், கூடவே இன்னும் எண்ணெய் விடும். செய்த அன்றே தீர்த்துவிட வேண்டிய பண்டம் இது.

காய்-பழ சிப்ஸ் பார்க்க அழகு. கேரட், பீட்ரூட், சுரைக்காய் வகையைச் சேர்ந்த சுகினி, தோல் சீவிய ஆப்பிள், எதையும் மெல்லிசாகச் சீவி 95 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தலாம். சுகினியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். ஒரு தட்டு நிறைய வைத்தால் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். ஓவன் எரியும் நேரத்தையும் கிடைக்கும் அளவையும் பார்த்தால் மனசு ஒப்பாது.

அதைவிட முக்கியமானது வயிறு. ஆப்பிளில் ஃப்ரக்டோஸ் அதிகம், சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் உண்டு. இரண்டும் பலருக்கு வாயுவையும் பேதியையும் கிளப்பும். முழு ஆப்பிளாக ஒன்றுக்கு மேல் தின்ன மாட்டோம். உலர்ந்த வில்லைகளாக இருந்தால் பேச்சுவாக்கில் மூன்று ஆப்பிள் உள்ளே போய்விடும். பீட்ரூட்டில் வேறொரு தொல்லை. மலத்தைச் சிவப்பாக்கும். மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று தினமும் கவலையோடு பார்ப்பவர்களுக்கு அந்தச் சிவப்பு எப்படிப்பட்ட பயத்தைக் கொடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பீட்ரூட்டை நான் இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

நமுத்துப் போவதிலும் இதுதான் முதலில். பழச் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் ஆப்பிள் சிப்ஸைத் தட்டில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால் ரப்பர் மாதிரி வளையும்.

சரி, நமுத்துப் போவதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்? கட்டுப்பாடான உணவில் இருப்பவர் வீட்டில் இருக்கும்போது சமாளித்துவிடுவார். சிக்கல் வெளியே போகும்போதுதான். பயணத்தில், வேலையிடத்தில், மருத்துவருக்காகக் காத்திருக்கும் வரிசையில் பசிக்கும். சுற்றிலும் விற்கும் எதையும் தொட முடியாது. அந்த நேரத்தில் பையைத் திறந்தால் தின்னும்படியாக ஒன்று இருக்க வேண்டும். அது இழுபடும் சீஸாகவோ ரப்பர் ஆப்பிளாகவோ இருந்தால், கடையில் கிடைக்கும் பாக்கெட்டை நோக்கிக் கை போகும். உடம்பு சோர்ந்திருக்கும் நாளில் புதிதாக எதையும் செய்ய முடியாது என்பதும் உண்டு. தெம்பாக இருக்கும் நாளில் செய்து வைத்தது, தெம்பில்லாத நாளில் கைகொடுக்க வேண்டும். எத்தனை நாள் தாங்கும், கெட்டால் மீட்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதாம் பிஸ்கட் அளவுக்கு மற்ற இரண்டிடமும் பதில் இல்லை.

காரணம் பாதாமிலேயே இருக்கிறது. பாதாம் மாவின் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு, ஐந்தில் ஒரு பங்கு புரதம். சர்க்கரை மிகக் குறைவு. கொழுப்பு ஈரத்தை உறிஞ்சாது. ஆகவே காற்றிலுள்ள ஈரம் உள்ளே புக நாளாகும். ஆனால் இது நடக்க வேண்டுமென்றால் செய்யும்போதே முழுசாக உலர்த்தியிருக்க வேண்டும். பலருடைய பிஸ்கட் மேலே சிவந்து நடுவில் மெத்தென்று நிற்பது அதிகச் சூட்டில் அவசரப்படுத்துவதால்தான். பாதாம் மாவு உலர்வதற்கு முன்பே சிவந்துவிடும் குணமுடையது.

நான் செய்யும் விதம் இது. தோல் நீக்கி அரைத்த பாதாம் மாவு 200 கிராம், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள். பிசைந்தால் ஒட்டவில்லை என்றால் ஒரு டீஸ்பூன் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். மஞ்சள் கரு சேர்த்தால் ருசி கூடும், மொறுமொறுப்பு குறையும். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். ஓரம் மெல்லிசாகவும் நடு தடிமனாகவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தியால் கோடு போட்டு, 150 டிகிரியில் 15 நிமிடம் போல விட்டு, ஓரம் லேசாக நிறம் மாறியதும் வெளியே எடுத்துத் தனித்தனியாகப் பிரித்துத் திருப்பிப் போட வேண்டும். மறுபடி 110 டிகிரியில் 20 நிமிடம். பிறகு ஓவனை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து அப்படியே ஆறவிட வேண்டும். இந்த இரண்டாவது சுற்றுதான் உயிர்நாடி. அதை விட்டால் இதுவும் மறுநாளே நமுத்துவிடும்.

பேக்கிங் பவுடர் சேர்க்காதீர்கள், அதில் மாவுச்சத்து கலந்திருக்கும். தேவையென்றால் ஒரு சிட்டிகை பேக்கிங் சோடா ஆகும். மசாலாவும் ஒவ்வொன்றாக வாங்கிக் கலந்ததாக இருக்கட்டும், கலவைப் பாக்கெட்டில் மாவோ சர்க்கரையோ ஒளிந்திருக்கலாம். தேன் சேர்த்த இனிப்பு வகையும் செய்யலாம், எஸ்.சி.டி. அதை அனுமதிக்கிறது. ஆனால் தேன் ஈரத்தை இழுக்கும். ஆப்பிளுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். இனிப்பு வேண்டுமென்றால் அன்றைக்குத் தின்னும் அளவு மட்டும் செய்யுங்கள்.

எடுத்து வைப்பதிலும் கவனம் வேண்டும். கொஞ்சம் சூடு இருக்கும்போது மூடினாலே உள்ளே ஆவி தங்கி நமுக்கவைத்துவிடும். முழுசாக ஆறியதும் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட வேண்டும். ஒரே பெரிய ஜாடியைவிடச் சின்னச் சின்ன டப்பாக்கள் மேல், ஏனென்றால் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போகும். இப்படி வைத்தால் வாரம் தாண்டியும் உடையும் சத்தத்தோடு இருக்கிறது. அப்படியே தளர்ந்தாலும் 140 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும். நான் இதன் பக்கம் சாய்ந்ததற்கு இந்த மீட்சிதான் பெரிய காரணம்.

இதற்கு வேறு ஒரு எதிரி உண்டு: காறல். அரைத்த கொட்டையின் கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெடும். மாவை ஃப்ரீசரில் வையுங்கள், பிஸ்கட்டை வெயிலும் வெளிச்சமும் படாத இடத்தில் வையுங்கள். காறல் வாடை வந்தால் சூடாக்கியெல்லாம் காப்பாற்ற முடியாது, கொட்டிவிட வேண்டியதுதான்.

வயிற்றுக்கு இது எல்லாருக்கும் ஒத்துப்போகும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. என் உடம்பு பாதாமை ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும். பேதி நிற்காத கட்டத்தில் கொட்டை மாவு எதுவும் வேண்டாம். தொடங்கும்போது ஒன்றிரண்டு பிஸ்கட்டோடு நிறுத்தி, சில நாள் பொறுத்துப் பாருங்கள். மொறுமொறுப்பாக இருப்பதால் அளவு தெரியாமல் உள்ளே போகும்; 50 கிராம் மாவில் செய்ததே ஏறக்குறைய 300 கலோரி. இளைத்துப் போனவர்களுக்கு அது நல்லதுதான். இன்னொன்று, பாதாமில் ஆக்சலேட் அதிகம், சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் பொருள் அது. சிறுநீரகக் கல் வந்தவர்கள், குறிப்பாகச் சிறுகுடலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு கொழுப்பு சரியாகச் செரிக்காதவர்கள், இதை வழக்கமாக்கும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

பாதாம் ஆகாதவர்களுக்கு ஹேசல்நட் மாவில் இதே முறை வேலை செய்யும் என்றே நினைக்கிறேன். ஓரிரு முறைதான் செய்திருக்கிறேன், கொஞ்சம் பொலபொலவென்று உதிர்ந்தது. தேங்காய் மாவில் நார் மிக அதிகம், ஈரத்தையும் நிறைய உறிஞ்சும், அதனால் அளவுகளை அப்படியே மாற்றிப் போட முடியாது. கொட்டை ஒவ்வாமையே உள்ளவர்களுக்கு நான் சீஸ் கிரிஸ்ப்பைத்தான் சொல்வேன்: பார்மசானில், சின்ன அளவில், அன்றன்றைக்கு. வெளியே எடுத்துப் போவதாக இருந்தால் கிளம்புவதற்குச் சற்று முன்பு செய்து, நன்றாக ஆறவைத்து, காகிதத் துண்டில் எண்ணெயை ஒற்றி எடுத்த பிறகு டப்பாவில் போடுங்கள். மதியம் வரை தாங்கும்.