பவளத்துக்கு நேரே ஊட்டுவதா, மீனுக்குப் போடுவதா?

பவளமும் மீனும் சேர்த்து வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியான ரீஃப் தொட்டியில் பவளத்துக்கு உணவு போய்ச்சேர இரண்டு வழி உண்டு. ஒன்று, நீரோட்டம் தரும் பம்பை நிறுத்திவிட்டுப் பிப்பெட் என்னும் உறிஞ்சுகுழாயால் நேரே ஊட்டுவது. மற்றொன்று, மீன்களுக்கு வயிறாரப் போட்டு, அவற்றின் கழிவில் பவளத்தை வாழவிடுவது.

சூரியப் பவளம் என்றால் பேச்சே இல்லை, ஊட்டித்தான் ஆக வேண்டும். அதன் திசுவில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசி கிடையாது. மாலையில், உறைநிலையிலிருந்து உருகிய மைசிஸ் என்ற குட்டி இறாலின் சாற்றைக் கொஞ்சம் விட்டுப் பாருங்கள்: மூடிக் கிடந்த பாலிப்புகள் (பவளத்தின் தனித்தனி உயிர்கள்) சற்று நேரத்தில் மஞ்சள் பூவாய் விரியும். ஓர் இறாலை வைத்ததும் உணர்கொம்புகள் மெல்ல மடிந்து அதை நடுவாய்க்குள் இழுக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கிளை கிளையாய் வளரும் அக்ரோபோரா போன்ற பவளங்களுக்கு நான் மீன் வழியைத்தான் சொல்வேன். அவற்றுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை உள்ளிருக்கும் பாசியே ஒளியிலிருந்து தயாரித்துவிடும். மீன் வெளிவிடும் அம்மோனியா அந்தப் பாசிக்கு உரம். ஊட்டும்போது தவறும் துணுக்குகளோ கல்லிடுக்கில் அழுகிப் பாஸ்பேட்டை ஏற்றும்.

எந்த வழியானாலும் வாரம் ஒரு முறை தண்ணீர்ச் சோதனை அவசியம். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை என்பது பலரும் வைத்துக்கொள்ளும் அளவு. இரண்டும் பூஜ்யம் என்றால் தண்ணீர் சுத்தம் என்று மகிழ வேண்டாம். பவளம் வெளிறும், டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர் பழுப்புக் கோழையாய்ப் படரும். அப்போது நுரையால் கழிவை அகற்றும் ஸ்கிம்மரைக் குறைத்து மீன் தீனியைக் கூட்டுங்கள். பாஸ்பேட் ஏறினால் அதை ஈர்த்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு குருணையைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். ஒரே நாளில் இறக்கினால் அக்ரோபோராவின் திசு உரியக்கூடும்.