அலையஸ் டொமைனுக்கு அஞ்சல்பெட்டி விலையா? டர்பன் கோயில், சங்கக் குழுக்கள் கவனிக்க

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் குழுவுக்குக் 'கோ.இசட்.ஏ' என்று முடியும் டொமைன் (இணையப் பெயர்) நெடுநாளாக இருக்கிறது. அதே பெயரை 'ஆர்க்.இசட்.ஏ' முடிவிலும், 2014-இல் அறிமுகமான 'டர்பன்' முடிவிலும் வாங்கச் சொன்னோம். எந்த முகவரிக்கு எழுதினாலும் செயலாளரின் ஒரே பெட்டியில் கடிதம் விழ வேண்டும்; கேட்டது அவ்வளவுதான். இப்படித் தனக்கென்று பெட்டி இல்லாமல் வேறு பெட்டிக்குக் கடிதத்தைத் திருப்பிவிடும் டொமைன்தான் அலையஸ் டொமைன். சர்வரைப் பராமரித்த உள்ளூர் ஹோஸ்டிங்காரர், "ஐயா, மூன்று டொமைன் என்றால் பெட்டியும் மூன்று மடங்கு, மாதக் கட்டணமும் மூன்று மடங்கு" என்றார்.

பச்சைப் பொய். அவர் வைத்திருந்தது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருள். கூடுதல் டொமைன்களை அலையஸ் டொமைன் என்று அறிவித்து, எந்த முகவரி எந்தப் பெட்டிக்கு என்று ஒரு கோப்பில் எழுதி, அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் 'போஸ்ட்மேப்' கட்டளையைக் கொடுத்தால் போதும். அந்த டொமைன்களின் எம்எக்ஸ் பதிவு, அதாவது கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பு, இதே சர்வரைக் காட்ட வேண்டும். புதுப் பெட்டி எதற்கு?

பில்லை வைத்துச் சண்டை போட்ட பிறகு அலையஸ் போட்டுத் தந்தார். அது இன்னும் மோசம். முகவரிகளை ஒவ்வொன்றாக எழுதச் சோம்பல்பட்டு, டொமைன் முழுவதையும் ஒரே வரியில் பழைய டொமைனுக்குத் திருப்பிவிட்டார். அப்படிச் செய்தால் இல்லாத பெயருக்கு வரும் குப்பையையும் சர்வர் வாசலில் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். பெட்டி இல்லை என்பது பிறகுதான் அதற்குத் தெரியும். உடனே 'சேரவில்லை' என்ற அறிவிப்பை, யாருடைய முகவரியைப் போலியாகப் போட்டிருக்கிறார்களோ அந்த அப்பாவிக்கு அனுப்பும். விளைவு, குப்பை அனுப்பும் சர்வர்களின் தடுப்புப் பட்டியலில் எங்கள் சர்வர் ஏறியது. தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு நாங்கள் அனுப்பிய பதில்கள் ஸ்பாமில் விழுந்தன. பதிலே வரவில்லை என்று ஒரு பாட்டி நேரில் வந்து திட்டினார். அவர் கோபம் நியாயமானது, திட்டு வாங்க வேண்டியவர்தான் அங்கே இல்லை.

அந்த ஹோஸ்டிங்காரரை விட்டு விலகப் போனபோது அடுத்தது வெளிப்பட்டது. புதிய டொமைன்கள் இரண்டையும் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருக்கிறார். விட்டுத்தர 'நிர்வாகக் கட்டணம்' வேண்டுமாம்! ஒரு ரேண்டும் தரப்போவதில்லை.

அலையஸ் போட ஆள் வைத்திருப்பவர்கள், டொமைன் பதிவில் உரிமையாளர் பெயர் யாருடையது என்று இன்றே பாருங்கள். பிறகு அலையஸ் டொமைனில் இல்லாத ஒரு பெயருக்கு வெளியிலிருந்து கடிதம் அனுப்புங்கள். 550 என்ற எண்ணோடு சர்வர் அதை உடனே மறுக்க வேண்டும்.

எங்களுக்கு எழுதுவோர் பழைய 'கோ.இசட்.ஏ' முகவரிக்கே எழுதுங்கள். மற்ற இரண்டு டொமைன்களிலிருந்து நன்கொடை கேட்டுக் கடிதம் வந்தால் அது எங்களுடையது அல்ல.