லண்டன் பிரைடா, லேண்ட்லார்டா, சசெக்ஸ் பெஸ்டா?

பிட்டர் ஏல் என்ற இங்கிலாந்தின் கசப்புப் பீருக்கு மதிப்பெண் போடுகிறவர்களில் பலர் முதல் இரண்டு மூன்று மடக்கிலேயே தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார்கள். இந்த வகைக்கு அது பெரிய அநியாயம். பிட்டர் என்பது ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி, முழுதாகக் குடிக்கவென்றே உருவான பானம். பப்பில் நின்று பேசிக்கொண்டே குடித்து, கோப்பை காலியானதும் இன்னொன்று கேட்கலாமா என்று தோன்ற வைப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையை எது நன்றாகச் செய்கிறது என்று பார்க்காமல், மணத்துக்கு இத்தனை, நிறத்துக்கு இத்தனை என்று கூட்டிப் போட்டால் கிடைக்கும் எண் எனக்குப் போதவில்லை.

அதனால் மூன்று பிட்டர்களை இரண்டு விதமாகவும் அளந்து பார்த்தேன். ஃபுல்லர்ஸின் லண்டன் பிரைடு, திமோத்தி டெய்லரின் லேண்ட்லார்ட், ஹார்வீஸின் சசெக்ஸ் பெஸ்ட். முதலாவது லண்டன், இரண்டாவது யார்க்‌ஷயர், மூன்றாவது தென்கடற்கரையை ஒட்டிய சசெக்ஸ். பீப்பாயில் வரும்போது ஆல்கஹால் அளவு முறையே 4.1, 4.3, 4.0 சதவீதம். பீர் நடுவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரும் பி.ஜே.சி.பி. அமைப்பின் வழிகாட்டியில் மூன்றும் ‘பெஸ்ட் பிட்டர்’ என்ற ஒரே பிரிவில் எடுத்துக்காட்டுகளாக நிற்கின்றன. அந்தப் பிரிவின் எல்லை 3.8 முதல் 4.6 சதவீதம் வரை. கசப்பு, அதை அளக்கும் அலகில், 25 முதல் 40 ஐ.பி.யு. ஒரே எடைப் பிரிவு என்பதால் மோதவிடுவதில் நியாயம் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே மதிப்பெண் பீப்பாய் பிட்டருக்குத்தான். பாட்டிலைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். காஸ்க் ஏல் எனப்படும் இந்தப் பீப்பாய் பீர் வடிகட்டப்படாமல், சூடாக்கிக் கிருமி நீக்கப்படாமல், உயிருள்ள ஈஸ்ட்டோடு பப்பின் நிலவறைக்குப் போகிறது. அங்கே பீப்பாய்க்குள்ளேயே மெல்ல இன்னொரு முறை நொதித்து, தெளிந்து, பிறகுதான் கைப்பம்பு வழியாகக் கோப்பைக்கு வருகிறது. காற்று உள்ளே போகத் தொடங்கியதும் ஏறக்குறைய மூன்று நாளில் விற்றுத் தீர்த்துவிட வேண்டும். ஆகவே ஒரே பிட்டர் ஒரு பப்பில் பொன்னாகவும் அடுத்த தெருவில் வினிகர் வாடையோடும் இருக்கலாம். பீப்பாய் ஏலைக் காப்பாற்ற 1971-இல் தொடங்கிய காம்ரா இயக்கம், உறுப்பினர்கள் பப்களில் போடுவதற்கு 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறது. அது பிட்டரின் செய்முறைக்கானது அல்ல. அன்றைக்கு அந்தக் கோப்பை எந்த நிலையில் இருந்தது என்பதற்கானது. அதில் 4-க்குக் கீழே தோன்றிய எந்தக் கோப்பையையும் இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. பப் கெடுத்ததற்குப் பிட்டரைத் தண்டிக்கக் கூடாது.

வெப்பநிலையும் முக்கியம். 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரைதான் இதன் இடம். அதைவிடக் குளிர்ந்தால் மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், வாசம் அடங்கிப்போய்க் கசப்பு மட்டும் தனியாக நிற்கும். ‘வெதுவெதுப்பான பீர்’ என்று கேலி செய்கிறவர்கள் இதே பிட்டரை 4 டிகிரியில் ஒருமுறை குடித்துப் பார்க்கட்டும், எதை இழக்கிறோம் என்பது விளங்கும்.

லண்டன் பிரைடு

சிஸிக்கில், தேம்ஸ் நதிக்குப் பக்கத்திலிருக்கும் கிரிஃபின் மதுவடிப்பகத்தில் தயாராகிறது. ஃபுல்லர், ஸ்மித் அண்ட் டர்னர் என்ற கூட்டு 1845-இல் அமைந்தது. 2019-இல் பீர் தொழிலை ஜப்பானின் அசாஹி வாங்கியது. பழைய குடிகாரர்கள் அன்று முதல் சுவை மாறிவிட்டது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாகப் பராமரித்த கோப்பையில் அந்த ஈஸ்ட்டின் கையெழுத்து அப்படியே இருக்கிறது: ஆரஞ்சுத் தோல் மார்மலேட், அதற்கடியில் பிஸ்கட், கொஞ்சம் டாஃபி.

இதன் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. பிரைடும், அதே மதுவடிப்பகத்தின் அதைவிட வலுவான ஏலான ஈ.எஸ்.பி.யும் ஒரே மால்ட் கூழிலிருந்து பிறக்கின்றன. முதலில் வடியும் கெட்டிச் சாற்றையும் பின்னால் வடியும் நீர்த்த சாற்றையும் தனித்தனியே காய்ச்சி, வெவ்வேறு விகிதத்தில் கலந்து இந்த ஏல், அந்த ஏல் என்று பிரிக்கிறார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் கைவிட்ட பழைய முறை அது. கசப்பும் மணமும் தரும் ஹாப் பூக்களில் டார்கெட், சேலஞ்சர், நார்த்டவுன் என்று மூன்று வகைகள். எல்லாமே இங்கிலாந்தில் உருவானவை.

குறை எங்கே என்றால் முடிவில். முதல் பாதிக் கோப்பை வரை மால்ட்டும் பழவாசமும் கைகோத்து நடக்கின்றன. பாதிக்குப் பிறகு கோப்பை சற்றுச் சூடேற, இனிப்பு முன்னுக்கு வந்து கசப்பு பின்தங்கிவிடுகிறது. மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது பைன்ட்டுக்கு ஆசை தணிந்துவிடுகிறது.

லேண்ட்லார்ட்

பட்டங்களைக் குவித்ததில் மூன்றில் இதற்கு நிகரில்லை. காம்ராவின் ‘சாம்பியன் பீர் ஆஃப் பிரிட்டன்’ பட்டத்தை 1982, 1983, 1994, 1999 என நான்கு முறை வென்றது. லண்டன் பிரைடுக்கு 1979-இல் ஒருமுறை கிடைத்தது. சசெக்ஸ் பெஸ்டுக்கு அந்த மகுடம் கிடைக்கவே இல்லை.

திமோத்தி டெய்லர் 1858-இல் கீத்லியில் தொடங்கிய நிறுவனம். நோல் ஸ்ப்ரிங் என்ற ஊற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அந்த ஊற்றுநீர்தான் பீருக்கும். கோல்டன் ப்ராமிஸ் என்ற பார்லி வகையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்களும் ஒரு காலத்தில் கொண்டாடிய வகை அது. விளைச்சல் குறைவு என்று விவசாயிகள் கைவிட்டுக்கொண்டிருந்த பயிரை ஒரு சுவைக்காக வாங்கிக்கொண்டே இருப்பது பெரிய விஷயம். நாவில் அது தெரிகிறது: கனமில்லாத, தேன் சாயலுள்ள ஒரு மால்ட் அடித்தளம். அதன்மேல் ஸ்டைரியன் கோல்டிங்ஸ் ஹாப். ஸ்லோவேனியாவில் விளையும் அந்த ஹாப், பெயரில் கோல்டிங்ஸ் இருந்தாலும், பரம்பரையில் இங்கிலாந்தின் ஃபகிள் என்ற ஹாப்தான். பூ, எலுமிச்சைத் தோல், ஈர மண் என்று மூன்றும் கலந்து மூக்கில் ஏறும் மணம். பிரைடையும் சசெக்ஸ் பெஸ்டையும் ஒருசேர வைத்தாலும் மணத்தில் லேண்ட்லார்டை வெல்ல முடியாது.

இங்கே ஸ்பார்க்லர் சண்டையையும் சொல்லியாக வேண்டும். வட இங்கிலாந்தில் பம்பின் மூக்கில் சிறு துளைகள் போட்ட மூடி ஒன்றைப் பொருத்துவார்கள். பீர் அந்தத் துளைகள் வழியே பீறிட்டு வரும்போது கரைந்திருந்த வாயு கொஞ்சம் வெளியேறி, கெட்டியான வெண்ணுரை கட்டும். பீர் வழுவழுப்பாகிறது, கசப்பு மட்டுப்படுகிறது. தெற்கே அதை வைத்தால் பீரைக் கெடுத்துவிட்டாய் என்பார்கள். லேண்ட்லார்டை இரண்டு விதமாகவும் குடித்திருக்கிறேன். ஸ்பார்க்லரோடுதான் அது முழுமை அடைகிறது. அதன் மால்ட் மெல்லியது, அந்த நுரையின் மெத்தை அதற்குத் தேவை. இதே மூடியைச் சசெக்ஸ் பெஸ்டுக்கு வைத்தால் அதன் முதுகெலும்பே மழுங்கிப்போகிறது. எனவே இரண்டையும் ஒரே பப்பில் ஒரே பம்பு முறையில் ஊற்றி ஒப்பிடுவது நேர்மையான சோதனை போலத் தெரிந்தாலும் நேர்மையானதல்ல. ஒவ்வொன்றையும் அதன் ஊர் வழக்கப்படி ஊற்றிப் பார்ப்பதே சரி.

லேண்ட்லார்ட் நிலவறையில் துள்ளும் பீர். அது அடங்க நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு விற்கும் பப்பில் கந்தக வாடையும் கரகரப்புமாக வரும். அப்படி ஒரு கோப்பையைக் குடித்துவிட்டு இதை வெறுத்தவர்கள் இன்னொரு பப்பில் மறுபடி முயல வேண்டும்.

சசெக்ஸ் பெஸ்ட்

லூயிஸ் நகரில், ஊஸ் நதிக்கரையில், 1790-இல் தொடங்கிய ஹார்வீஸ். சவுத் டவுன்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளில் வடிந்து இறங்கிய கிணற்று நீர். ஃபகிள்ஸ், கோல்டிங்ஸ், புரோக்ரஸ், பிராம்ளிங் கிராஸ் என்று நான்கு ஹாப்கள். ஈஸ்ட் மட்டும் வெளியூர்: 1957-இல் யார்க்‌ஷயரின் டாட்காஸ்டரில் உள்ள ஜான் ஸ்மித்ஸிடமிருந்து வாங்கி வந்தது. அன்றிலிருந்து ஒரு காய்ச்சலில் எடுத்ததை அடுத்ததில் இட்டு, அதே வம்சத்தைத் தொடர்ந்து வளர்த்து வருகிறார்கள். வடக்கின் ஈஸ்ட் தெற்கின் ஹாப்பையும் நீரையும் அறுபது ஆண்டுக்கு மேல் தின்று வந்ததில் வேறெங்கும் கிடைக்காத ஒரு சுவை உருவாகியிருக்கிறது.

முதல் மடக்கில் இது பெரிதாக எதையும் காட்டாது. மணம் அடக்கமானது; வறுத்த மால்ட், காய்ந்த இலை, பிராம்ளிங் கிராஸ் தரும் பிளாக்கரண்ட் பழச் சாயல். மூன்றில் இதன் நிறம்தான் மிக அடர்ந்த செம்பு. கசப்பு உடனே வராது, விழுங்கிய பிறகு நாக்கின் பின்புறத்தில் வந்து உட்கார்ந்து, துவர்ப்போடு நீண்டு, வாயைத் துடைத்துவிட்டாற்போல் உலர வைக்கும். அடுத்த மடக்கைக் கேட்க வைப்பது அந்த உலர்வுதான். சுண்டைக்காய் வற்றலின் கசப்பு அடுத்த பிடி சோற்றை இழுக்கிற மாதிரி. பாதிக் கோப்பையில் மால்ட்டின் ரொட்டி வாசம் எழுந்து, கசப்போடு சமமாக நிற்கிறது. கடைசி வாய் முதல் வாயைவிட நன்றாக இருக்கும் பிட்டர் இந்த மூன்றில் இது ஒன்றுதான்.

சொந்த ஊரில் இதன்மேல் இருக்கும் பற்றுக்கு ஒரு வரலாறே உண்டு. 2006 டிசம்பரில், லூயிஸ் ஆர்ம்ஸ் என்ற பப்பில் அதன் அப்போதைய உரிமையாளரான கிரீன் கிங் நிறுவனம் ஹார்வீஸ் பிட்டரை நிறுத்திவிட்டது. மதுவடிப்பகமோ நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டு வாசலில் நின்று, வருகிறவர்களிடம் உள்ளே போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். குளிர்காலம் முழுக்க நின்றார்கள். 2007 ஏப்ரலில் நிறுவனம் இறங்கி வந்து சசெக்ஸ் பெஸ்டைத் திரும்பக் கொடுத்தது. மாதக்கணக்கில் குளிரில் நிற்க வைக்கும் சுவை மதிப்பெண் தாளின் மணப் பெட்டியிலும் நிறப் பெட்டியிலும் அடங்குவதில்லை. நாள்தோறும் குடித்தும் சலிக்காததால் வந்த பற்று அது.

தாளும் கோப்பையும்

பி.ஜே.சி.பி. மதிப்பெண் தாளில் மொத்தம் 50. மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10. அதே வரிசையில் நான் போட்டவை:

லேண்ட்லார்ட்: 10, 3, 17, 4, 8. மொத்தம் 42.
சசெக்ஸ் பெஸ்ட்: 8, 3, 17, 4, 9. மொத்தம் 41.
லண்டன் பிரைடு: 9, 3, 15, 4, 7. மொத்தம் 38.

தாளின்படி லேண்ட்லார்ட் முதலிடம். 38 முதல் 44 வரை எல்லாமே ஒரே தரப்படி என்பதால் மூன்றும் ஒரே படியில் நிற்கின்றன. இடைவெளி எதையும் முடிவு செய்யவில்லை. போட்டி நடுவருக்கு ஒரே அமர்வில் வரிசையாகப் பல பீர்கள் வருவதால் சிறு கோப்பையில் சில மடக்குகளே கிடைக்கும். அந்த அளவில் மணம் தூக்கலான பீர் முந்திக்கொள்வது இயல்பு. சசெக்ஸ் பெஸ்டின் வலிமை தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில் நடுவர் அடுத்த பீருக்குப் போயிருப்பார்.

என்னைக் கேட்டால், மணத்தின் 12-இல் நான்கைப் பிடுங்கி, ‘கோப்பையின் கடைசி மூன்றிலொரு பங்கு’ என்று ஒரு புதிய பெட்டி போடுவேன். அந்தப் பெட்டியில் சசெக்ஸ் பெஸ்டுக்கு 4, லேண்ட்லார்டுக்கு 3, பிரைடுக்கு 2. மணத்தை எட்டுக்குச் சுருக்கும்போது லேண்ட்லார்டின் 10 ஏழுக்குச் சற்றுக் குறைவாகவும், சசெக்ஸ் பெஸ்டின் 8 ஐந்துக்குச் சற்று அதிகமாகவும், பிரைடின் 9 ஆறாகவும் மாறும். கூட்டிப் பார்த்தால் சசெக்ஸ் பெஸ்ட் ஒன்றரைப் புள்ளிக்குச் சற்றுக் குறைவாக ஏறி 42-ஐத் தாண்டுகிறது. லேண்ட்லார்ட் 42-க்கு ஒரு மயிரிழை கீழே இறங்குகிறது. பிரைடு ஒரு புள்ளி இழந்து 37. வித்தியாசம் சிறியது, ஆனால் வரிசை மாறிவிடுகிறது. பீப்பாயில் என் முதல் தேர்வு சசெக்ஸ் பெஸ்ட்.

பாட்டிலில் கதை வேறு. உயிருள்ள பீப்பாயின் மென்மை போய், வாயு கூடி, கசப்பு கூர்மையாகிவிடுகிறது. பிரைடைப் பாட்டிலில் 4.7 சதவீதமாக ஏற்றியிருக்கிறார்கள். பெஸ்ட் பிட்டர் எல்லையைக்கூட அது தாண்டிவிடுகிறது. அந்தக் கூடுதல் மால்ட், வாயுவின் காரத்தைத் தாங்கிக்கொள்கிறது, இனிப்பு இங்கே குறையாக இல்லாமல் பலமாக மாறுகிறது. லேண்ட்லார்ட் பாட்டிலில் 4.1 ஆக இறங்கி, மணத்தில் பாதியைப் பீப்பாயிலேயே விட்டுவிட்டு வருகிறது. சசெக்ஸ் பெஸ்டின் துவர்ப்பு பாட்டிலில் கொஞ்சம் கடுகடுப்பாகத் தெரிகிறது.

ஆகவே இங்கிலாந்துக்கு வெளியே கடையில் பாட்டில் வாங்கி ஒப்பிடுகிறவர்களுக்கு வரிசை தலைகீழாக வரும்: பிரைடு, லேண்ட்லார்ட், சசெக்ஸ் பெஸ்ட். எதை வாங்கினாலும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். கடை விளக்குக்கு நேர் கீழே நின்ற பாட்டிலைத் தொடாதீர்கள். ஒளி பட்ட ஹாப்பில் எழும் நாற்றத்தை எந்தக் கோப்பையும் மறைக்காது. தென் இங்கிலாந்தில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம். ரயிலேறி லூயிஸுக்குப் போய், பப்பில் ஸ்பார்க்லர் இல்லாத கைப்பம்பில் ஒரு பைன்ட் கேளுங்கள். கோப்பை முடியும்வரை எந்த எண்ணையும் எழுதாதீர்கள்.